ஆண்ட பரம்பரையா? முதல்ல அம்மாவோட கல்யாணத் தேதியைச் சொல்லுங்க பாஸ்!

முகூர்த்த மாசம் வந்துவிட்டால் தருமபுரியில் ஃபிளெக்ஸ் பேனர்களுக்குப் பஞ்சமே இருக்காது. கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை. பின்னால் ஒரு சிங்கம், ரெண்டு வாள், ஒரு கோட்டை. மேலே கொட்டை எழுத்தில் "ஆண்ட பரம்பரை". கீழே வாழ்த்தும் நண்பர்கள் முப்பது பேரின் தலைகள். (சில பேனர்களில் மணப்பெண்ணின் படமே இருக்காது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.)

அந்த முப்பது தலைகளில் ஏதாவது ஒன்றை நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்?

"தம்பி, உங்க அப்பா அம்மாவுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆச்சு?"

"ரெண்டாயிரம் இருக்கும்ணா... முன்ன பின்ன."

"எங்க நடந்துச்சு?"

"கோயில்லன்னு நெனைக்கிறேன்."

"அப்போ அம்மாவுக்கு என்ன வயசு?"

"..."

"அம்மாவைப் பெத்த ஆயா பேரு?"

"ஆயான்னுதாண்ணா கூப்பிடுவோம்."

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தா எந்தக் கோட்டையில் கொடி ஏற்றினார் என்பது தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெற்ற அம்மா எந்தப் பந்தலில் மனை ஏறினார் என்பது தெரியாது. இதை வைத்துக்கொண்டுதான் வம்சம், வரலாறு, வழக்கம் என்று அத்தனை சத்தம்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் பதிவு போடக்கூடாது. போன வருஷக் கணக்கை முடிக்காமல் இந்த வருஷத் தொடக்க இருப்பை எழுத முடியாது. பத்து ரூபாய் டீச்செலவுக்கு இந்த விதி. ஆயிரம் வருஷப் பரம்பரைக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. கைக்கு எட்டும் போன தலைமுறைக் கணக்கு காலியாகக் கிடக்க, பத்தாம் நூற்றாண்டின் ஐந்தொகை மட்டும் பைசா சுத்தமாகத் தயார்!

குடும்ப வரலாறு தேட ஆசையா? ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் கோட்டை இல்லை, அப்பா அம்மாவின் கல்யாணம். அதுதான் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சொன்னது சரியா தப்பா என்று சரிபார்க்கவும் முடியும். ராஜாவைத் தேடுபவர்கள் இதைத் தேடாததற்குக் காரணமும் அதேதான். சரிபார்த்தால் பேனரில் போட முடியாத விஷயங்கள் வெளியே வந்துவிடும்.

பாதி மட்டும் எழுதிய பேரேடு

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும் என்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு பிள்ளைக்கு ரெண்டு பெற்றோர், நாலு தாத்தா பாட்டி, எட்டு கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி. இது சாதாரணக் கூட்டல் கணக்கு. ஆனால் "எங்க பரம்பரை" என்று சொல்லப்படுவது அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஒரே கோட்டில் போகும். எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் பரம்பரை. மீதி ஏழு பேர்? கணக்கில் வராத செலவு!

இதை 2025 நவம்பரில் தமிழ்நாடே அனுபவித்துப் பார்த்தது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தன் பெயரோ, இல்லாவிட்டால் அப்பா அம்மா பெயரோ இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அப்பாவைத் தேடுவது சுலபம். பிறந்த ஊரிலேயே, தன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்திலேயே இருப்பார். அம்மாவைத் தேடுவதுதான் பெரும்பாடு. கல்யாணத்துக்கு முன் ஒரு ஊர், அங்கே தந்தை பெயர். கல்யாணத்துக்குப் பின் வேறு ஊர், அங்கே கணவர் பெயர். எந்த வருஷம் கல்யாணம் என்று தெரியாவிட்டால் எந்த ஊர்ப் பட்டியலைப் புரட்டுவது என்பதே தெரியாது. அரூர்ப் பக்கம் பிறந்து பாலக்கோட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், சட்டமன்றத் தொகுதி மாறி, பாகம் மாறி, உறவுமுறைக் கட்டத்தில் ஆள் மாறி நிற்பார்.

அரசாங்கம் ஒரு படிவம் நீட்டியபோதுதான் எத்தனையோ பிள்ளைகள் முதல் முறையாக அம்மாவிடம் "உன் அப்பா பேரு, ஊரு, பூத்து எதும்மா?" என்று கேட்டார்கள். படிவத்துக்காகக் கேட்ட கேள்வியைப் பாசத்துக்காகவும் ஒரு தடவை கேட்கலாம், தப்பில்லை :-)

பீரோவுக்குள் இருக்கும் ஆவணக் காப்பகம்

"அதெல்லாம் எங்கண்ணா இருக்கு, எங்க வீட்ல எந்தப் பேப்பரும் இல்ல" என்று உடனே ஒரு பதில் வரும். இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், பரண்மேல் டிரங்குப் பெட்டியில்.

முதலில் பத்திரிகை. "நிகழும் மங்களகரமான விக்ரம வருஷம் ஆவணி மாதம்" என்று போட்டிருக்கும். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விக்ரம என்றால் 1940-41, இல்லாவிட்டால் 2000-01. எது என்று கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. அடுத்து யார் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்கலாம். பெண்ணின் அம்மா பெயர் இருக்கிறதா? மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் படிப்பு போட்டு, பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வெற்றிடமா? ஐயர் வைத்து நடந்ததா, "தலைமை" என்று ஒரு கட்சிக்காரர் பெயர் இருக்கிறதா? தாத்தா பாட்டி காலத்துப் பத்திரிகை என்றால் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் இங்கே பல பத்தாண்டுகளாக நடந்து வந்தாலும், அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 1968 ஜனவரியில்தான் அவற்றுக்குச் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது.

அடுத்தது மொய் நோட்டு. கணக்குப் படிக்கிறவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒரு குடும்பம் அந்த நாளில் யாரோடெல்லாம் கொடுக்கல் வாங்கலில் இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ராஜ வம்சத்துக் கல்யாணத்தில் மொய் பதினொன்று, இருபத்தொன்று என்று எழுதியிருந்தால், அந்த ரூபாய்க்காக எத்தனை நாள் களை வெட்டினார்கள் என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, பள்ளி மாற்றுச் சான்றிதழ். இதில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தலைமையாசிரியர் எழுதியதே பிறந்த தேதி. ஒரு ஊரில் பாதிப் பேர் ஜூன் மாசத்தில் பிறந்ததன் ரகசியம் இதுதான்.

நான்காவது, பதிவுச் சான்றிதழ். பெரும்பாலும் இருக்காது. எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009 நவம்பர் 24இல். அதற்கு முன் தாலி கட்டியவர்களுக்குத் தாலிதான் சான்றிதழ்.

மாவட்டப் பெயரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9இல். ஊத்தங்கரையிலோ ஓசூரிலோ 2003இல் நடந்த கல்யாணம் தருமபுரி மாவட்டத்துக் கல்யாணம்தான். தாத்தாவின் பழைய பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால், அவர் ஊர் மாறி வந்தார் என்று புதுக் கதை கட்ட வேண்டியதில்லை.

எந்தப் பேப்பருமே இல்லையா? கவலை வேண்டாம். இந்த மாவட்டத்து ஆயாக்களிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது. எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னயா பின்னயா (1987 டிசம்பர் 24)? இலக்கியம்பட்டியில் பஸ்ஸை எரிச்சு வேளாண் கல்லூரிப் பொண்ணுங்க மூணு பேரு செத்தாங்களே (2000 பிப்ரவரி 2), அப்போ நீ வயித்துலயா? ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினப்போவா (2000 ஜூலை 30)? பாப்பாரப்பட்டிக்கிட்ட வீரப்பனைச் சுட்டப்போவா (2004 அக்டோபர் 18)? இப்படி ரெண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டே வந்தால் வருஷம் மாட்டிக்கொள்ளும். "வீரப்பனைச் சுட்டப்போ உன் அக்கா தவழ்ந்துகிட்டு இருந்தா" என்ற ஒரு வரியில் எத்தனை தகவல்!

கணக்கைக் கூட்டினால்...

இப்போது வருஷம் கிடைத்துவிட்டது. கழித்தல் மட்டும்தான் பாக்கி. கல்யாணம் 2000. அம்மா பிறந்தது 1984. பதினாறு.

இங்கேதான் பேனர் கிழிகிறது.

பெண்ணின் திருமண வயது 18, ஆணுக்கு 21 என்று சட்டம் திருத்தப்பட்டது 1978இல். 1929ஆம் வருஷத்து சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றுதான் தொடங்கியது. ஆக, 2000இல் பதினாறு வயசுப் பெண்ணுக்குத் தாலி கட்டியவர்கள் ஏதோ தெரியாத பழங்காலத்தில் அதைச் செய்யவில்லை. சட்டம் வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டிச் செய்தார்கள். தண்டனைக்குரியவர்கள் நடத்தி வைத்த பெரியவர்கள். அந்தப் பெண் குற்றவாளி இல்லை, பிறந்த பிள்ளைகளுக்கும் எந்தக் களங்கமும் இல்லை. இதை மகன் தெரிந்துகொண்டால் அம்மா மீது மரியாதை கூடத்தான் செய்யும். குறைவது வேறு சிலர் மீது.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எட்டில் ஒருவர். இவர்கள் யாருடைய அம்மாவும் இல்லை, இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய தோழிகள். ஒன்பதாவது வரை கூடப் படித்து, பிறகு வராமல் போன பெண்ணின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ரெண்டாவது கேள்வி, யார் யாருக்குக் கொடுத்தார்கள்? நிச்சயத்தைப் "பரிசம் போடுறது" என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுத்த பணம். உழைக்கும் ஒரு கையை அந்த வீட்டிலிருந்து கூட்டிப் போவதற்கான ஈடு. தென்னிந்தியாவின் உழவர், உழைக்கும் சாதிகள் பலவற்றில் அதுதான் வழக்கம். படிப்பு, மாசச் சம்பளம், நகரத்து உத்தியோகம் என்று ஆண்களுக்கு வர வர, மேல்சாதிகளைப் பார்த்து மற்றவர்களும் வரதட்சணைக்கு மாறிய கதையை சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1984இலேயே எழுதிவிட்டார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961. அதற்கப்புறமும் பவுன் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

"பவுன் போடுறது எங்க வழக்கம்" என்று மீசை முறுக்குபவர் தன் ஆயாவிடம் போய்க் கேட்கட்டும். "உன்னைக் கட்டிக்க தாத்தா எவ்ளோ குடுத்தார்?" பரிசம் கொடுத்தது என்று பதில் வந்தால், அந்தப் "பாரம்பரிய வழக்கம்" அவருடைய அப்பாவைவிட வயசில் சின்னது என்று அர்த்தம். வார்த்தை மட்டும் பழையது, பணம் போகும் திசை தலைகீழ். பற்றை வரவில் எழுதினால் கணக்காளரை வேலையை விட்டுத் தூக்குவார்கள். கல்யாணத்தில் எழுதினால் பாரம்பரியமாம்!

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. அம்மா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? பிறந்தது எத்தனை, இருப்பது எத்தனை? அப்பா வீட்டில்? இந்த வீட்டில்?

தருமபுரியில் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்டுவிட முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் வந்தது. ஏன் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். 2011இல் அது 910-ஐத் தாண்டியது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் 2001இல் ஆறு வயதுக்குள் இருந்த அந்தப் பிள்ளைகள்தான் இன்று கல்யாணச் சந்தையில் நிற்கிறார்கள். "பொண்ணே கெடைக்க மாட்டேங்குதுப்பா, தரகர் காசு வாங்கிட்டு ஏமாத்துறான்" என்று புலம்பும் மாப்பிள்ளை வீட்டார், தரகரைத் திட்டுவதற்கு முன்னால் குடும்பப் பேரேட்டை ஒரு தடவை புரட்டலாம். பேனரில் ஏன் மணப்பெண் இல்லை என்பதற்கும் பதில் அங்கேயே கிடைக்கும். எழுதாமல் விட்டே பழக்கமாகிவிட்டது.

நாலாவது கேள்வி, கல்யாண ஆல்பத்தில் யார் இல்லை? எல்லாச் சித்தியும் நிற்கும் போட்டோவில் ஒரு சித்தி மட்டும் ஏன் இல்லை? மொய் நோட்டில் ஒரு மாமன் பெயர் ஏன் அடிக்கப்பட்டிருக்கிறது? தோண்டினால் எங்கோ ஒரு வீட்டில், பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனதால் பெயரைக்கூட உச்சரிக்காமல் விட்ட ஒருத்தி இருப்பாள். அவள் பெங்களூரிலோ திருப்பூரிலோ நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருப்பாள். பரம்பரை மரத்தில்தான் அவளுடைய கிளை வெட்டப்பட்டிருக்கும்.

பொய்க் கணக்கின் விலை

"விடுங்க பாஸ், பசங்க ஜாலிக்கு ஆண்ட பரம்பரைன்னு போட்டுக்கறாங்க, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?"

ஜாலி எங்கே போய் முடியும் என்பதைத் தருமபுரி பார்த்திருக்கிறது. 2012இல் இளவரசன் என்ற தலித் இளைஞரும் வேறு சாதிப் பெண் ஒருவரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதைத் தொடர்ந்து நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. 2013 ஜூலை 4ஆம் தேதி இளவரசன் தருமபுரியில் ரயில் தண்டவாளத்தின் அருகே இறந்து கிடந்தார்.

ரெண்டு பேரின் கல்யாணத்துக்கு மூன்று ஊர் ஏன் எரிய வேண்டும்? "எங்க வம்சத்துல இப்படி நடந்ததே இல்ல" என்ற ஒரு வாக்கியத்துக்காக. நடந்ததே இல்லை என்று எப்படித் தெரியும்? யாராவது கணக்கைப் பார்த்தார்களா? சொந்த வீட்டின் மூன்று தலைமுறைக் கல்யாணங்களை யாராவது வரிசையாக எழுதிப் பார்த்தார்களா? எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும், வழக்கம் என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியிருக்கிறது, மீறியவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், அவர்கள் பெயர்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவன் கையில் தீப்பந்தம் கொடுப்பது கஷ்டம். தெரியாதவனிடம் கொடுப்பது ரொம்பச் சுலபம்.

இன்னொன்றையும் யோசிக்கலாம். ஒரு வீடு எரியும்போது பீரோவும் எரியும். பத்திரிகை, ஆல்பம், மாற்றுச் சான்றிதழ், மொய் நோட்டு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். தன் பரம்பரைக் கதையைக் காப்பாற்றக் கிளம்பிய கூட்டம் அடுத்தவர் குடும்ப வரலாற்றைச் சாம்பலாக்கிவிட்டுத் திரும்பியது.

சில ஆட்சேபணைகள்

ஆயா சொல்றதெல்லாம் ஆதாரம் ஆகுமா? ஆகும். இதே மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே ஆரம்பத்தில் அதிகாரத் தரப்பின் பதிலாக இருந்தது. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம் விடாமல் வந்து சாட்சி சொன்ன பெண்களின் ஞாபகம் இல்லாமல் அந்தத் தீர்ப்பு இல்லை. நீதிமன்றம் எடைபோட்டு ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பேரன் "ஆயாவுக்கு ஞாபக மறதி" என்று தள்ளிவிட வேண்டுமா?

ஏழைக் குடும்பத்துக்கு ஏது வரலாறு? இதற்குப் பதில் கடல் தாண்டி இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் புறப்பட்டது சென்னையிலிருந்து. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி: பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர். அப்போது தருமபுரியும் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அவர்களின் ஐந்தாம் ஆறாம் தலைமுறை இன்றும் அந்த ஒரு வரியைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டு ஊரைத் தேடி வருகிறது. எங்கள் முன்னோர் ராஜா என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. கரும்பு வெட்டப் போனவர் என்று சொல்கிறார்கள், பெருமையாக. உள்ளூரிலேயே இருப்பவனுக்கு ஒரு வரிக்குப் பதில் உயிரோடு ஒரு ஆயா இருக்கிறார். அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு இவன் கோட்டையைத் தேடுகிறான்.

அம்மாவைச் சங்கடப்படுத்தலாமா? நியாயமான கேள்வி இது ஒன்றுதான். பதினாறு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவருக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை உண்டு. விசாரணைக் கமிஷன் மாதிரி நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது கூட உட்கார்ந்து உரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டால் போதும். சொன்னால் கேட்கலாம், சொல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் சங்கடம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். "அம்மாவைக் கஷ்டப்படுத்தாதே" என்று அம்மா சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா சொல்வதுதான் அதிகம். யாருடைய கணக்கில் இடிக்கிறதோ அவர்தான் தணிக்கை வேண்டாம் என்பார்.

அப்பாவும் இதில் தப்பிப்பதற்கில்லை. இருபத்தொன்று நிறைவதற்குள் மாலை போட்டு உட்கார வைக்கப்பட்ட அப்பாக்களும் உண்டு. அக்கா மகளைக் கட்டாவிட்டால் சொத்து வெளியே போய்விடும் என்று வாயை அடைக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களிடமும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு முழு வெள்ளைத்தாள் போதும் மக்களே. எட்டுப் பெயர்கள். நாலு பெண்கள், நாலு ஆண்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பிறந்த ஊர், கல்யாண வருஷம், அப்போதைய வயசு, யார் யாருக்குக் கொடுத்தார்கள், பிறந்த பிள்ளைகள் எத்தனை, பிழைத்தவர்கள் எத்தனை. தெரியாத கட்டங்களைக் காலியாகவே விடலாம். பொய்யாக நிரப்பிய கட்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தாளை நிரப்பி முடித்த பிறகும் "ஆண்ட பரம்பரை" என்று பேனர் அடிக்கத் தோன்றினால் தாராளமாக அடிக்கட்டும். ஆனால் அச்சகத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போகட்டும். சிங்கத்துக்கும் வாளுக்கும் நடுவில் அந்த நாலு பெண்களின் பெயரையும் வயசையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்லட்டும்.